தோட்டத்துக்கு வரும் இரத்ததான முகாம்: ஆள் தெரிவு எப்படி நடக்கிறது?

இரத்ததான முகாம் முடிந்த அன்று இரவே முகநூலில் ஏறும் வரி ஒன்று உண்டு: "இத்தனை பைகள் சேகரிக்கப்பட்டன." வந்தவர்களில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார்கள் என்பதை யாரும் போடுவதில்லை. முகாமின் தரத்தைக் காட்டும் எண் அதுதான். நூறு பேர் வந்து நூறு பேரும் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்று கேட்டால் எங்களுக்குச் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் வரும். கேள்வி கேட்கிற மேசையில் இருந்தவர் ஒரு தடவையாவது தலை நிமிர்ந்து பார்த்தாரா?

ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளிலும் போயா நாட்களிலும் கோயில் மண்டபம், பாடசாலை, பிள்ளைக்காம்பரா (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) என்று கிடைத்த இடத்தில் நடக்கும் நடமாடும் முகாம்களின் மதிப்புரை இது. சாப்பாடு எப்படி, சான்றிதழ் அழகா என்பதை விட்டுவிட்டு, ஆள் தெரிவை மட்டும் பார்க்கிறோம்.

அடிப்படையில் இது நல்ல சேவை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இந்த நாட்டில் 2014 முதல் சேகரிக்கப்படும் இரத்தம் முழுவதும் காசு வாங்காத தன்னார்வக் கொடையாளர்களிடமிருந்துதான் வருகிறது. அந்த ஆண்டு உலக இரத்ததான தினத்தை முன்னின்று நடத்தியதும் இலங்கைதான். தாய்மாரைக் காக்கப் பாதுகாப்பான இரத்தம் என்பது அப்போதைய கருப்பொருள். பிரசவத்தில் இரத்தப்போக்குக் கண்ட தாயை மஸ்கெலியாவிலிருந்து டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ கொண்டுபோகும் பாதையை அறிந்தவர்களுக்கு அதன் பொருளை விளக்கத் தேவையில்லை. இரத்தம் கொடுப்பவர் காசு வாங்காதபோது மறைப்பதற்குக் காரணமும் குறைகிறது. தெரிவு முறையின் அத்திவாரமே அதுதான்.

முதல் மேசையில் அடையாள அட்டையும் படிவமும். வயது 18க்கு மேல், 60க்குள். எடை 50 கிலோவுக்குக் குறையாமல். கடைசியாகக் கொடுத்து நான்கு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். அட்டை கேட்பது வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் உண்டு. முன்பு எங்கோ கொடுத்த இரத்தத்தில் ஏதாவது அகப்பட்டிருந்தால், அந்த இலக்கத்தை வைத்துத்தான் ஆளை மறிக்க முடியும். தம்பியின் அட்டையோடு அண்ணன் வந்து படுத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

எடை விடயத்தில் பல முகாம்கள் சறுக்குகின்றன. தராசு ஒன்று மூலையில் கிடக்கும், ஆனால் "எத்தனை கிலோ?" என்று வாயால் கேட்டு எழுதிவிடுவார்கள். நுவரெலியாக் குளிரில் ஜக்கெட், ஸ்வெட்டர், பூட்ஸோடு தராசில் ஏறினாலும் இரண்டு கிலோ சும்மா கூடும். 50 கிலோ என்ற எல்லை ஏன்? ஒருவர் உடலில் கிலோவுக்கு ஏறத்தாழ 70 மில்லிலீற்றர் இரத்தம் இருக்கும். 50 கிலோ ஆளுக்கு மூன்றரை லீற்றர். அதில் 450 எடுத்தால் எட்டில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். உடல் மயங்காமல் தாங்கும் எல்லை அவ்வளவுதான். கொழுந்தெடுக்கும் பெண்களில் 42, 45 கிலோ உள்ளவர்கள் எத்தனை பேர் என்று தோட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். அவர்களை அன்போடு திருப்பி அனுப்புகிற முகாம்தான் நல்ல முகாம்.

படிவத்துக்கு வருவோம். தமிழ்ப் படிவங்கள் போதிய அளவு வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் முன்கூட்டியே சொல்லிவைப்பது அவசியம். கைக்குக் கிடைத்த வேற்றுமொழிப் படிவத்தில் கையெழுத்து வாங்கினால், வாக்குமூலம் கொடுத்தவருக்கே என்ன கொடுத்தோம் என்று தெரியாது. இதைவிட மோசமான வழக்கம் ஒன்று இருக்கிறது. இளைஞர் மன்றத்துத் தம்பி ஒருவர் பேனாவோடு உட்கார்ந்து, வருகிறவர்கள் எல்லாருக்கும் பெயரை மட்டும் கேட்டுவிட்டு, கேள்விகளுக்கு மேலிருந்து கீழ்வரை "இல்லை", "இல்லை", "இல்லை" என்று கோடு இழுத்துக்கொண்டே போவார். நல்ல மனதோடுதான் செய்கிறார். வரிசை நகர வேண்டுமே! ஆனால் அந்த ஒரே கோட்டில் தெரிவு முறையின் பாதி போய்விடுகிறது. வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்ட வேண்டியவர் வைத்தியரோ தாதியோதான். அதையும் தனியாக வைத்துச் செய்ய வேண்டும்.

இந்தத் தனிமைதான் மலையக முகாம்களில் ஆகப் பெரிய குறை. வைத்தியரின் மேசைக்கு முன்னால் ஒரு கதிரை. அதற்கு இரண்டடி பின்னால் வரிசை. வரிசையில் நிற்பவர்கள் மாமன், மச்சான், பக்கத்து லயத்து அண்ணன், தொழிற்சங்கத் தலைவர். "ஒன்றுக்கு மேற்பட்டவர்களோடு உடலுறவு உண்டா?", "போதை ஊசி போட்டதுண்டா?" என்று கேட்டால் யார் "ஆமாம்" என்பார்? கேள்வியையே முணுமுணுத்துவிட்டுத் தாண்டிப் போகிற வைத்தியர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. கதிரையை அப்படிப் போட்டது ஏற்பாட்டாளர். மண்டபத்தின் மூலையில் கயிறு கட்டி ஒரு சேலையைத் தொங்கவிட்டு, வரிசையைப் பத்தடி தள்ளி நிறுத்தினால் போதும். கண்ணுக்கு மட்டும் மறைவு இருந்து பேச்சு வெளியே கேட்டால் பயனில்லை என்பதால், அந்த மூலைக்குப் பக்கத்தில் பாட்டுப் பெட்டியை வைப்பதும் நல்ல யோசனைதான்.

கேட்கும் விதத்திலும் விடயம் இருக்கிறது. "ஏதாவது வருத்தம் இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் "ஒண்ணும் இல்லீங்க மிஸ்" என்ற பதில்தான் வரும். "போன ஒரு வருஷத்துல பச்சை குத்தினீங்களா? காது, மூக்கு குத்தினீங்களா? திருவிழாவுல அலகு குத்தினீங்களா?" என்று கேட்டால் ஆள் யோசிப்பார். அலகைப் பற்றிய கேள்வி அச்சுப் படிவத்தில் பெரும்பாலும் தனியாக வராது. தைப்பூசம், ஆடி, தேர் என்று அலகும் பறவைக்காவடியும் எடுக்கும் இளைஞர்கள்தான் அதே கோயில் மண்டபத்தில் நடக்கும் முகாமுக்கும் முதல் ஆளாக வருகிறார்கள். ஒருவருக்குக் குத்திய அலகையும் கொக்கியையும் சரியாகக் கிருமிநீக்காமல் அடுத்தவருக்குக் குத்தியிருந்தால், ஈரலழற்சி பி, சி இரண்டுக்கும் அது திறந்த வாசல். தோலைத் துளைத்த எதற்கும் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் விதி. விபூதி பூசிய கையோடு செய்த நேர்த்திக்கு விதிவிலக்கு இல்லை. திருவிழாவோடு சேர்த்து முகாம் வைக்கும் குழுக்கள் இதை அறிவித்தலிலேயே போட்டுவிட்டால், வந்து ஏமாந்து திரும்புபவர்கள் குறைவார்கள்.

மருந்து பற்றிய கேள்வியிலும் குறிப்பாகக் கேட்பதே பலன் தரும். பலர் "மாத்திரை இல்லை" என்பார்கள். பிறகு பையில் அஸ்பிரின் இருக்கும். அஸ்பிரின் குடித்தவரின் இரத்தம் வீணில்லை. சிவப்பணுக்கள் பயன்படும், ஆனால் சில நாட்களுக்கு அவருடைய குருதிச் சிறுதட்டுகள் (இரத்தம் உறைய உதவும் அணுக்கள்) வேலைக்கு ஆகாது. அதை எழுதிவைத்தால் ஆய்வுகூடம் பார்த்துக்கொள்ளும். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் குடிக்கும் பிள்ளைகள் கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்து வரிசையில் நிற்பதுண்டு. நிறுத்தி ஒரு மாதம் ஆகாமல் கொடுக்கக் கூடாது. அந்த இரத்தம் கர்ப்பிணித் தாய்க்கு ஏறினால் சிசுவுக்கு ஆபத்து. பல் பிடுங்கினால் ஒரு வாரம் பொறுக்க வேண்டும். முதல் நாள் இரவு குடித்தவர் அன்று கொடுக்காமல் இருப்பது நல்லது. சம்பள நாளுக்கு மறுநாள் முகாம் வைக்காதீர்கள் என்று இதைவிட மரியாதையாகச் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை.

இந்தியாவுக்கு யாத்திரை போய் வந்தவர்களும் ஆபிரிக்க நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பியவர்களும் கேட்காமலே சொல்ல வேண்டும். உள்நாட்டில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு 2016 செப்டெம்பரில் சான்று தந்தது. ஆகவே இங்கே இனி அந்தக் கிருமி வருவதானால் ஒரு பயணியின் உடலில்தான் வரும். சபரிமலை போய் வந்ததை யாரும் மறைக்கமாட்டார்கள். யாரும் கேட்பதில்லை என்பதுதான் பிரச்சினை.

அடுத்தது விரல் குத்தும் மேசை. மலைநாட்டுக்கென்றே ஒரு முகாமை எடைபோட வேண்டுமானால் இங்கேதான் நின்று பார்க்க வேண்டும்.

இரத்தத்தில் ஹீமோகுளோபின் போதுமா என்று பார்க்க இரண்டு வழிகள் உண்டு. பழையது செப்புச் சல்பேற்றுக் கரைசல். தன்னீர்ப்பு (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.053 உள்ள நீலக் கரைசலில் ஒரு சொட்டு இரத்தத்தை ஒரு சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விட வேண்டும். 15 செக்கனுக்குள் கீழே இறங்கினால் ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12.5 கிராமோ அதற்கு மேலோ இருக்கிறது என்று கணக்கு. மிதந்தாலோ நடுவில் தயங்கி மேலே வந்தாலோ தேறவில்லை. மலிவு, மின்சாரம் வேண்டாம், பழகிய கைக்கு ஒரு நிமிட வேலை. ஆனால் கரைசலைக் கவனிக்காவிட்டால் அது பொய் சொல்லும். 30 மில்லிலீற்றர் கரைசல் ஏறத்தாழ 25 பேருக்குத்தான். அதற்கு மேல் போனால் முன்னைய சொட்டுகள் கலந்து அடர்த்தி மாறிவிடும். மூடாமல் வைத்தால் நீர் ஆவியாகிக் கரைசல் கனமாகும். குளிரிலும் அப்படித்தான்: 25 பாகை செல்சியசுக்கு அளந்த கரைசலை 10 பாகை உள்ள மண்டபத்தில் காலை ஏழு மணிக்குத் திறந்தால் அடர்த்தி கூடியிருக்கும், தகுதியான ஆளின் சொட்டும் மிதக்கும். குழாயில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தாலும் மிதக்கும். நுவரெலியாவில் காலை முகாமில் மட்டும் "இரத்தம் குறைவு" என்று திருப்பி அனுப்பப்படுபவர்கள் திடீரென்று கூடினால், ஆட்களைச் சந்தேகிக்க முன் போத்தலைப் பாருங்கள்.

மற்றது கையடக்க மீற்றர். 10 மைக்ரோலீற்றர் இரத்தத்தைக் கியுவெற்று என்ற சிறு தட்டில் ஏற்றிச் செருகினால் ஒரு நிமிடத்துக்குள் எண் வரும். மிதந்ததா, இறங்கியதா என்ற வாதம் இல்லை, "உங்களுக்கு 11.2" என்று சொல்லி அனுப்பலாம், ஆளும் நம்புவார். கியுவெற்றின் விலைதான் இடிக்கும். பரவலாக உள்ள ஹீமோகியூ 201 வகைக் கியுவெற்றுகளை 15 முதல் 30 பாகைக்குள் வைக்க வேண்டும். டப்பாவைத் திறந்தபின் மூன்று மாதம்தான். ஈரம் பட்டால் கெடும். மூடுபனி மண்டபத்துக்குள்ளேயே வரும் ஊர்களில் டப்பா மூடியைத் திறந்தபடி வைத்துவிட்டு வேலை செய்வது அநியாயம். ஒவ்வொன்றை எடுத்ததும் மூட வேண்டும்.

எந்த வழியானாலும் விரல் சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்த விரலில் இரத்தம் வராது, வராதபோது பிதுக்குவார்கள், பிதுக்கினால் இழைய நீர் கலந்து அளவு குறைத்துக் காட்டும். வரிசையில் நிற்பவர் கையில் ஒரு கோப்பை சூடான வெந்நீரைக் கொடுத்துப் பிடித்திருக்கச் சொல்வதுதான் மிகச் சுலபமான தீர்வு. நடுவிரல் அல்லது மோதிரவிரலின் நுனியில் பக்கவாட்டில் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். கொழுந்தெடுப்பவர்களின் விரல் நுனி காய்ப்பேறியிருக்கும். வலது கைக்காரராக இருந்தால் இடது கையில் பார்ப்பது நல்லது.

உயரத்தைப் பற்றி ஒரு சொல். நுவரெலியா 1868 மீற்றரில் இருக்கிறது. உயரத்தில் வாழ்பவர் உடல் பிராணவாயுக் குறைவை ஈடுசெய்யக் கூடுதல் ஹீமோகுளோபின் வைத்திருக்கும். இரத்தச்சோகையைக் கணிக்கும்போது 1500 முதல் 2000 மீற்றர் வரையான உயரத்துக்கு 1.1 கிராம் கழித்துப் பார்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டி. அப்படியானால் அங்கே 12.5 என்று தேறிய பெண்ணுக்குக் கடல்மட்டக் கணக்கில் 11.4 தான், பெண்களுக்கான எல்லையான 12க்கும் கீழே. முகாமின் அளவுகோல் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு தடவை கொடுக்கும்போது 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு போகிறது. சோற்றுக்கு மேல் உடனே பிளேன்ரீ குடிக்கும் வழக்கம், உணவில் உள்ள இரும்பையும் உடல் சேர்க்கவிடாது. ஆகவே எல்லைக்கோட்டில் தேறிய பெண்களை நான்கு மாதத்துக்கு ஒருமுறை கூப்பிடாமல் ஆண்டுக்கு ஒருமுறை கூப்பிட்டால் போதும் என்பது எங்கள் கருத்து. குறைவு என்று திருப்பி அனுப்பப்பட்டவரிடம் "கீரை சாப்பிடுங்க" என்று மட்டும் சொல்லி விடுவதும் போதாது. எழுதிக் கொடுத்து, தோட்ட வைத்தியசாலைக்கோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ அனுப்ப வேண்டும். தேயிலையைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணித்தியாலம் தள்ளிவைக்கச் சொல்வது கீரையைவிடப் பயன்படும்.

படுக்கையில் நடப்பது பெரும்பாலும் சீராகத்தான் இருக்கிறது. பார்க்க வேண்டியவை இரண்டு மூன்று. முழங்கை மடிப்பில் தேயிலை மிலாறு கீறிய புண்ணோ அட்டை கடித்த புண்ணோ இருந்தால் அந்தக் கை வேண்டாம். தோலை அரை நிமிடம் தேய்த்துத் துடைத்து, காய அரை நிமிடம் விட்டு, அதன்பின் விரலால் தொட்டுப் பார்க்காமல் குத்த வேண்டும்; அவசரத்தில் நாளம் எங்கே என்று மறுபடி தடவிப் பார்ப்பதுதான் அடிக்கடி கண்ணில் படும் பிழை. முதலில் வரும் 30, 40 மில்லிலீற்றர் சிறுபைக்குப் போகும் வகைப் பை இருந்தால் சிறப்பு, ஏனென்றால் ஊசி வெட்டிய தோல் துணுக்கும் அதில் ஒட்டிய கிருமியும் அங்கேயே நின்றுவிடும். சோதனைக்கு வேண்டிய இரத்தத்தையும் அதிலிருந்தே எடுக்கலாம். பைக்குள் 63 மில்லிலீற்றர் உறைதடுப்பு மருந்து இருக்கும். அது 450 மில்லிலீற்றர் இரத்தத்துக்கு அளந்த அளவு. பாதியில் நின்ற பையில் மருந்து விகிதம் கூடிவிடுவதால் அதை அப்படியே ஏற்ற முடியாது.

அதன்பின் எச்.ஐ.வி., ஈரலழற்சி பி, ஈரலழற்சி சி, சிபிலிசு, மலேரியா ஆகிய ஐந்துக்கும் ஒவ்வொரு பையும் சோதிக்கப்படுகிறது. "சோதனை இருக்கே, பிறகு ஏன் இத்தனை கேள்வி?" என்பதுதான் வரிசையில் அதிகம் கேட்கும் முறைப்பாடு. கிருமி உடலுக்குள் வந்த நாளுக்கும் சோதனையில் தெரியும் நாளுக்கும் இடையில் ஒரு இருட்டு இடைவெளி உண்டு. எலிசா வகைச் சோதனையில் எச்.ஐ.விக்கு இரண்டு மூன்று வாரம், ஈரலழற்சி பிக்கு ஐந்து வாரம் அளவில், எதிர்ப்புடலை மட்டும் பார்க்கும் சோதனையில் ஈரலழற்சி சிக்கு இரண்டு மாதம் வரை. கிருமியின் மரபணுவையே தேடும் நட் சோதனை இந்த நாட்களைக் குறைக்கும். முற்றாக இல்லாமல் செய்யாது. அந்த நாட்களில் கொடுத்த பையைப் பிடிக்க உலகில் எந்த இயந்திரமும் இல்லை. சேலைக்குப் பின்னால் கேட்ட கேள்வியும் அதற்கு வந்த உண்மையான பதிலும்தான் அதைப் பிடிக்கும். ஒரு பை சிவப்பணு, திரவ இழையம், சிறுதட்டு என்று பிரிந்து மூன்று பேருக்குக்கூடப் போகலாம்.

இதே காரணத்தால், எச்.ஐ.வி. சோதனை செய்துகொள்ளத்தான் வந்தேன் என்ற எண்ணத்தோடு முகாமுக்கு வரக் கூடாது. அரச வைத்தியசாலைகளின் பாலியல் நோய்த் தடுப்புச் சிகிச்சை நிலையங்களில் அது இலவசம், இரகசியம்.

பாதையையும் கணக்கில் எடுக்க வேண்டும். சிறுதட்டுகளைப் பிரிப்பதானால் பை 20 முதல் 24 பாகையில், எடுத்த ஆறு முதல் எட்டு மணித்தியாலத்துக்குள் கூறுகள் பிரிக்கும் நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மழைக்காலத்தில் கினிகத்தேனைப் பக்கமோ எல்ல பக்கமோ மண் சரிந்து பாதை அடைபட்டால் அந்தக் கணக்கு போச்சு. மாலை நான்கு மணிவரை இழுக்கும் முகாமைவிட, ஒரு மணியோடு முடிந்து வண்டி கிளம்பும் முகாம் மேல்.

பரிசு பற்றி. பிஸ்கட், பானம், ஒரு சான்றிதழ், வழிச்செலவு: பிழையில்லை. குடை, அரிசிப் பை, அதிகம் பேரைக் கொண்டுவந்த டிவிசனுக்குக் கேடயம் என்று போகும்போது, ஆள் மறைக்கத் தொடங்குவார். கொடுத்தால் முழுப் பேர் (ஒரு முழு நாள் சம்பளப் பதிவு) போடுவதாகத் தோட்டம் சொல்வது இன்னும் சிக்கல். இரத்தம் கொடுக்கவும் போய்வரவும் தேவையான நேரத்துக்கு மேல் தரும் சம்பள விடுப்பும் காசுக்குச் சமம்தான் என்பது சர்வதேச அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வரையறை. நாட்கூலியில் வாழும் ஒருவருக்கு ஒரு பேர் என்பது பெரிய தொகை; அதற்காகப் போன மாதத்துச் செங்கமாரியை அவர் மறந்துவிடுவார். தந்தே தீர வேண்டுமென்றால், திருப்பி அனுப்பப்பட்டவருக்கும் அதே பேரைப் போடுங்கள். அப்போது பொய் சொல்வதில் இலாபமில்லை.

ஊசி கழற்றிய பின் கால் மணித்தியாலமாவது உட்கார வைத்து, நிறையக் குடிக்கக் கொடுக்க வேண்டும். கதிரையில் நன்றாக இருந்தவர் மலையேறும்போது மயங்குவது இங்கே வழமை; லயத்துக்குப் போகும் படிகள் செங்குத்து. அன்று கொழுந்துப் பையோ விறகுக் கட்டோ தூக்கக் கூடாது, கவ்வாத்துக் கத்தி பிடிக்கக் கூடாது, மோட்டார் சைக்கிளில் உடனே ஏறக் கூடாது. தனியாகத் தூரம் போகிறவரோடு ஒருவரை அனுப்புவது ஏற்பாட்டாளரின் பொறுப்பு. முகாமுக்கு வருமுன் சாப்பிட்டு, கொடுப்பதற்குச் சற்று முன் அரை லீற்றர் தண்ணீர் குடித்தவர்கள் மயங்குவது குறைவு.

வீட்டுக்குப் போனபின் காய்ச்சல் கண்டாலோ, மேசையில் சொல்லக் கூச்சப்பட்ட விடயம் மனதை அரித்தாலோ, இரத்த வங்கிக்கு அழைத்துப் பை இலக்கத்தைச் சொல்லி "என்னுடையதைப் பயன்படுத்தாதீர்கள்" என்றால் போதும். விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அந்த அழைப்பு இலக்கத்தையும் பை இலக்கத்தையும் ஒரு துண்டில் எழுதிக் கையில் தருகிறார்களா என்று பாருங்கள். தராவிட்டால் வெளியே வருமுன் கேட்டு வாங்குங்கள்.